புகைப்படத்தைச் செப்பனிடும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட மாணவியர் இன்று நம்மிடையே பலர் உளர். பள்ளி விளையாட்டு விழா, தங்கையின் பிறந்த நாள், மொட்டை மாடியில் காயும் வடகம், மழை ஓய்ந்தபின் மின்கம்பியில் சிறகுலர்த்தும் மைனா என்று கண்ணுக்கு இனியதாய்ப்பட்ட யாவற்றையும் அவர்கள் படமாக்குகின்றனர். ஆனால், படம் எடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஒளியைச் சீர்செய்து, சாய்வை நிமிர்த்தி, வேண்டாத ஓரங்களை வெட்டி, அச்சுக்கு ஏற்றதாக ஆக்குவது இரண்டாவது வேலையாகும். இதற்கு உதவும் மென்பொருள்கள் பலப்பல. அவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? விலை உயர்ந்ததையா, பெயர் பெற்றதையா, தோழி வைத்திருப்பதையா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருட்டறையிலிருந்து கணிப்பொறிக்கு

படத்தைச் செப்பனிடும் பழக்கம் கணிப்பொறியோடு பிறந்தது என்று எண்ணுதல் தவறு. பிலிம் காலத்திலேயே இருட்டறையில் இவ்வேலை நடந்தது. அச்சுத்தாளின் ஒரு பகுதியில் ஒளி குறைவாக விழும்படி கையாலோ அட்டையாலோ மறைத்தால், அப்பகுதி வெளுப்பாக வரும். மற்றொரு பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒளி காட்டினால் அது கருமையாகும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் நெகடிவின்மேல் கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு முகச்சுருக்கத்தை மறைக்கும் 'டச்சிங்' வேலையும் இத்தகையதே.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் (1902-1984) இளமையில் பியானோ பயின்றவர். நெகடிவை இசை எழுதிய தாளுக்கும், அச்சிட்ட படத்தை அதன் கச்சேரிக்கும் அவர் ஒப்பிட்டார். 1941ஆம் ஆண்டு நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழும் காட்சியை அவர் ஒரே நெகடிவில் பதிவு செய்தார். அந்த ஒரு நெகடிவிலிருந்து பல பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் அச்சிட்டார். முதலில் அச்சிட்டவற்றில் வானம் சற்று வெளிறியிருக்கும். பிற்காலத்தவற்றில் ஏறக்குறைய முழுக் கருமையாக இருக்கும். மூலம் ஒன்று, அதன் விளக்கங்கள் பல. இக்கருத்தை மனத்தில் இருத்துக. பின்னர் இது நமக்குப் பெரிதும் பயன்படும்.

1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தில் பணிபுரிந்த ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் காமிராவை உருவாக்கினார். அதன் படத்தில் இருந்தவை 100க்கு 100, அதாவது 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிக்க 23 விநாடிகள் ஆயின. 1987இல் தாமஸ் நோல் என்னும் மாணவர், கணிப்பொறித் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டும் ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். அவருடைய உடன்பிறந்தவர் ஜான் நோலும் அதில் சேர்ந்தார். அதுவே 1990இல் அடோபி நிறுவனத்தின் வாயிலாக ஃபோட்டோஷாப் என்னும் பெயரில் வெளிவந்தது. இருட்டறையில் கையால் மறைத்ததும் கூட்டியதும் அதில் இரு கருவிகளாக இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்றின் அடையாளம் ஒரு கை!

மூவகை மென்பொருள்கள்

இன்று கிடைப்பவற்றை மூன்றாக வகுத்துக்கொண்டால் குழப்பம் பெரிதும் நீங்கும்.

முதலாவது, புள்ளிகளையே மாற்றும் வகை. ஃபோட்டோஷாப், கிம்ப், அஃபினிட்டி ஆகியவை இவ்வகையின. இரண்டு படங்களை இணைத்தல், பின்னணியை அகற்றல், பழைய படத்தின் கிழிசலை நிரப்புதல், எழுத்துச் சேர்த்தல் போன்ற வேலைகளுக்கு இவை ஏற்றவை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை வைப்பதுபோல் அடுக்குகளை வைத்து இவற்றில் வேலை செய்யலாம்.

இரண்டாவது, படத்தைக் 'கழுவும்' வகை. லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபீ, கேப்ச்சர் ஒன் ஆகியவை இதில் அடங்கும். ஒளி, நிறம், கூர்மை, சாய்வு ஆகியவற்றைச் சீராக்குவதும், ஒரு படத்தில் செய்த திருத்தத்தை நூறு படங்களுக்கு ஒரே நேரத்தில் பொருத்துவதும் இவற்றின் சிறப்பு. இருட்டறையை நினைவூட்டும் பெயர்களை இவற்றிற் சில தாங்கியிருப்பது பொருத்தமே.

மூன்றாவது, படங்களை வகைப்படுத்தி அடுக்கிவைக்கும் வகை. விலையின்றிக் கிடைக்கும் டிஜிகேம் இதற்குச் சான்று. நாள், இடம், ஆள், நிகழ்ச்சி எனக் குறித்துவைத்தால் ஐயாயிரம் படங்களிடையே பாட்டியின் படத்தை ஒரு நொடியில் எடுக்கலாம். லைட்ரூமும் டார்க்டேபிளும் இவ்வேலையையும் ஓரளவு செய்கின்றன.

கைப்பேசியில் மட்டும் படம் எடுப்பவர்க்கு ஸ்னாப்சீட் போன்றவை உள்ளன. 2011இல் நிக் என்னும் நிறுவனம் வெளியிட்ட இதை, 2012இல் கூகுள் தன்வயமாக்கிக்கொண்டது. இது விலையின்றிக் கிடைக்கிறது. தொடக்க நிலை மாணவியர்க்கு இதுவே போதும்.

தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் ஆறு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. நான் செய்யும் வேலை யாது?

சென்ற மாதம் எடுத்த படங்களுள் இருபதை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுக. 'இருட்டாக உள்ளது', 'மஞ்சள் பூத்துள்ளது', 'சாய்ந்துள்ளது', 'ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை' என்பன போன்றவையே பெரும்பாலும் வரும். இவை அனைத்தையும் இரண்டாம் வகை மென்பொருள் எளிதாகச் செய்துவிடும். தாத்தாவின் கிழிந்த திருமணப் படத்தைப் புதுப்பிப்பதே உங்கள் விருப்பம் என்றால் முதல் வகை வேண்டும். கடைக்குப் போகுமுன் அம்மா சீட்டு எழுதிக்கொள்வதில்லையா? அதுபோன்றதே இது. சீட்டில் இல்லாததை வாங்கினால் வீட்டில் இடம் அடைக்குமேயன்றிப் பயன்படாது.

2. மூலப்படம் பிழைத்திருக்குமா?

ஆறு வினாக்களுள் தலையாயது இதுவே. நெகடிவை வெட்டி எறிந்துவிட்டு அச்சுப்படத்தை மட்டும் வைத்துக்கொள்பவர் உண்டோ? ஆனால், டிஜிட்டல் படத்தில் பலர் அதைத்தான் செய்கின்றனர். படத்தைத் திறந்து, வெட்டி, அதே பெயரில் சேமித்துவிட்டால் வெட்டிய பகுதி போனதுதான். மேலும், ஜேபெக் முறையில் படம் சுருக்கிச் சேமிக்கப்படுகிறது. திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் நுட்பமான விவரங்கள் சிறிது சிறிதாக இழக்கப்படுகின்றன.

இரண்டாம் வகை மென்பொருள்கள் இதற்கு நல்ல தீர்வு கண்டுள்ளன. அவை மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. 'ஒளியை இவ்வளவு கூட்டு, இடப்புறம் இவ்வளவு வெட்டு' என்னும் கட்டளைகளை மட்டும் தனியே எழுதிவைக்கின்றன. டார்க்டேபிளும் ராதெரபீயும் படத்தின் அருகிலேயே ஒரு சிறு துணைக்கோப்பில் இவற்றை எழுதுகின்றன. லைட்ரூம் கிளாசிக் தன் பட்டியல் கோப்பில் எழுதிவைக்கிறது. விரும்பினால் துணைக்கோப்பிலும் எழுதச் செய்யலாம். பத்தாண்டு கழித்தும் அக்கட்டளைகளை நீக்கினால் மூலப்படம் அப்படியே கிடைக்கும். ஆன்செல் ஆடம்ஸுக்கு அந்த ஒரு நெகடிவ் வாய்த்ததுபோல் உங்களுக்கும் வாய்க்கும்.

கிம்ப் மென்பொருளில் 'சேமி' என்றால் அதன் சொந்த முறையில் அடுக்குகளோடு தனிக்கோப்பாகச் சேமிக்கப்படும்; ஜேபெக்காக வேண்டுமானால் 'ஏற்றுமதி' செய்ய வேண்டும். புதியவர்க்கு இது தொல்லையாகத் தோன்றினும், மூலத்தைக் காக்கும் நல்ல ஏற்பாடே. எந்த மென்பொருளாயினும் வேலையைத் தொடங்குமுன் ஒரு நகல் எடுத்துக்கொள்வது அறிவுடைமை.

3. என் காமிரா தரும் கோப்பு எத்தகையது?

காமிரா இரு வகையில் படத்தைத் தரும். ஒன்று, உடனே பார்க்கத்தக்க ஜேபெக். மற்றொன்று, ஒளிஉணரி கண்டதை அப்படியே எழுதிவைக்கும் 'ரா' கோப்பு. முன்னது சமைத்த சோறு. பின்னது களைந்த அரிசி. சோற்றைத் திரும்பவும் பொங்கலாக்க முடியுமா?

கணக்கால் விளக்குவோம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிப்படிகள் உள்ளன. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உள்ளன. ஆண்டு விழா மேடையில் மங்கிய ஒளியில் எடுத்த படத்தைப் பிரகாசமாக்கும்போது, ஜேபெக்கின் இருண்ட பகுதியில் உள்ள சில படிகளே இழுத்து நீட்டப்படுகின்றன. ஆகவே நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். ரா கோப்பில் படிகள் மிகுதியாதலால் அக்குறை பெரிதும் குறையும். குண்டு விளக்கின் கீழ் எடுத்த படத்தின் மஞ்சள் சாயலைப் போக்குவதும் ராவில் எளிது.

ரா கோப்பின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம், காமிராவுக்குக் காமிரா வேறுபடும். ஆகவே உங்கள் காமிராவின் பெயர் அம்மென்பொருளின் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்க. கிம்ப் தானாக ரா கோப்பைத் திறக்காது. டார்க்டேபிள் அல்லது ராதெரபீயின் துணையை நாடும். ஜேபெக் மட்டுமே எடுப்பவர்க்கு இக்கவலை இல்லை.

4. விலை என்ன? எத்தனை நாளைக்கு?

விலை கொடுக்கும் முறை மூன்று. சந்தா, ஒரே முறை விலை, விலையின்மை.

அடோபி நிறுவனம் 2013 முதல் சந்தா முறைக்கு மாறியது. ஒரே விலைக்கு வாங்கக்கூடிய லைட்ரூமின் கடைசிப் பதிப்பு 2015இல் வந்த ஆறாம் பதிப்பாகும். மாதச் சந்தா 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000, ஐந்தாண்டில் 30,000. படம் எடுத்துப் பொருள் ஈட்டுபவர்க்கு இது தொழிற்செலவு. விடுமுறையில் மட்டும் காமிராவைத் தொடும் மாணவிக்கு வீண்செலவு. சந்தா நின்றாலும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் திருத்தும் பகுதி அடைபட்டுவிடும். 'நான் பணம் கட்டுவதை நிறுத்தினால் என் படங்கள் என்னவாகும்?' என்னும் வினாவைச் சந்தா கேட்கும் எதனிடமும் கேட்டே ஆக வேண்டும்.

விலையின்றிக் கிடைப்பதெல்லாம் தரங்குறைந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து மாணவர்களான ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் தொடங்கிய கிம்ப், உலகெங்கும் உள்ள தொண்டர்களால் இன்றும் வளர்க்கப்படுகிறது. 2025 மார்ச்சில் அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. படத்துக்கு இட்ட விளைவுகளைப் பின்னர் மாற்றியமைக்கும் வசதி அதில் சேர்ந்துள்ளது. இத்தகைய மென்பொருள்களின் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கிறது. இவற்றுக்கு நாம் தருவது காசு அன்று; கற்றுக்கொள்ளும் பொறுமை.

இங்கு ஓர் எச்சரிக்கை. விலை மிக்க மென்பொருளின் திருட்டு நகலை யாரேனும் பென் டிரைவில் கொணர்ந்து தந்தால் வாங்காதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணிப்பொறி நிரல்களையும் காக்கிறது. அறிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்துவது அதன் 63பி பிரிவின்படி குற்றம். பூட்டு உடைக்கப்பட்ட அந்நகலோடு நச்சு நிரலும் உடன் வரக்கூடும். விலையின்றி நேர்வழியில் நல்லவை கிடைக்கும்போது குறுக்கு வழி எதற்கு?

5. நாளையும் இது இருக்குமா?

மென்பொருள்கள் பிறக்கின்றன, மறைகின்றன. கூகுள் 2004இல் வாங்கி விலையின்றி வழங்கிய பிகாஸா, எளிமையால் பலர் வீடுகளில் இடம்பெற்றது. 2016இல் அதன் ஆதரவு நிறுத்தப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அப்பர்ச்சரை 2014இல் கைவிடப்போவதாக அறிவித்தது. 2019க்குப் பிந்திய மேக் இயக்கமுறைகளில் அது இயங்குவதில்லை. செரிஃப் நிறுவனம் 2015இல் ஒரே விலைக்கு விற்கத் தொடங்கிய அஃபினிட்டி ஃபோட்டோ, 2024இல் கேன்வாவின் கைக்கு மாறி, 2025 அக்டோபரில் விலையில்லாப் புது வடிவம் பெற்றது. மாற்றம் தீயதாகவும் இருக்கலாம், நல்லதாகவும் இருக்கலாம். ஆனால் அது நம்மைக் கேட்டு வருவதில்லை.

ஆகவே, மூலப்படங்களை ஒரு மென்பொருளுக்குள் அடைத்துவைக்காமல், '2025 - பள்ளி விழா' என்பதுபோல் ஆண்டும் நிகழ்ச்சியும் குறித்த சாதாரணக் கோப்புறைகளில் வைத்திருங்கள். திருத்தி முடித்த நல்ல படங்களை ஜேபெக்காகவும் வெளியே எடுத்துவையுங்கள். ஒரு வன்தட்டில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று என இரு நகல்கள் இருக்கட்டும். மென்பொருள் மாடு கட்டும் தறி போன்றது. தறி போனால் வேறு தறி நட்டுக்கொள்ளலாம். மாடு போகக் கூடாது.

6. தீர்ப்பு என் கையில் உள்ளதா?

இவ்வினாவைப் பெண்களாகிய நாம் சிறப்பாகக் கேட்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு நிறம் ஒப்பிட ஓர் அட்டை அனுப்பியது. 'ஷர்லி அட்டை' எனப்பட்ட அதில் இருந்தது வெண்ணிறப் பெண்ணின் முகம். அம்முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்பது கணக்கு. கருநிற முகங்கள் அவ்வியந்திரத்தில் நன்றாக வராமற்போனது வியப்பன்று. கருவியைச் செய்தவரின் கண் அக்கருவிக்குள்ளும் இருக்கும் என்பதற்கு இது சான்று.

இன்றைய கைப்பேசிகளிலும் செயலிகளிலும் 'அழகுபடுத்தும்' பொத்தான்கள் உள்ளன. சில காமிராச் செயலிகளில் அவை நாம் கேளாமலே இயங்குகின்றன. கன்னத்து மருவை அழிக்கின்றன; மாநிறத்தை வெளுக்கின்றன; முகவாயைக் கூராக்குகின்றன. நாற்பது ஆண்டு வெயிலில் உழைத்த பாட்டியின் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லையென்றால், அது யாருடைய படம்? ஆகவே, ஒரு மென்பொருளைச் சோதிக்கும்போது கருநிறத் தோழி, மாநிறத் தோழி, சிவந்த நிறத் தோழி மூவரும் ஒன்றாக நிற்கும் படத்தை முதலில் திறந்து பாருங்கள். மூவரும் தாமாகவே தெரிகிறார்களா? தானியங்கித் திருத்தத்தை முற்றும் அணைக்க வழி உண்டா? இல்லையெனில் அதை ஒதுக்குக.

சொல்லைக் கொடுத்தால் இல்லாத பொருளையே படத்தில் வரைந்து நிரப்பும் செயற்கை நுண்ணறிவு வசதி 2023 முதல் ஃபோட்டோஷாப்பிலும் வந்துள்ளது. வாழ்த்து அட்டைக்கு அது விளையாட்டு. நடந்ததைக் கூறும் படத்திற்கு அது பொய். உலகப் புகழ் பெற்ற வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில், 2015ஆம் ஆண்டு இறுதிக்கு முந்திய சுற்றை எட்டியவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, வரம்பு மீறிய திருத்தம் காரணமாகத் தள்ளப்பட்டது. ஒளியையும் நிறத்தையும் அளவோடு சீராக்கலாம். இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடா என்பது செய்திப்படக் கலையின் நெறி.

சோதித்துப் பார்க்கும் முறை

இவ்வினாக்களுக்குப் பின் இரண்டு மென்பொருள்கள் மட்டும் மிஞ்சட்டும். கணிப்பொறியின் வலிமையையும் கருதுக. 24 மெகாபிக்ஸெல் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 மெகாபைட் வரை இருக்கும். நினைவகம் 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்தால் வேலை நத்தையாய் ஊரும்.

வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, விளக்கொளியில் ஒன்று, முகம் ஒன்று, காட்சி ஒன்று என ஐந்து படங்களை எடுத்து, இரண்டு மென்பொருள்களிலும் திருத்துக. முதல் நாளே முடிவு செய்யாமல் இரண்டு வாரம் பழகுக. பின் ஐந்தையும் அச்சிட்டுப் பார்க்கவும். திரையின் வெளிச்சத்தை மிகுதியாக வைத்துத் திருத்தினால் அச்சில் படம் இருண்டு வரும். திரையைச் சற்று மங்கலாக்கிக்கொள்க. நான்குக்கு ஆறு அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1,200க்கு 1,800 புள்ளிகளே போதும். ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள்! ஆகவே பெரிய காமிரா இல்லையே என்று யாரும் வருந்த வேண்டா.

கைப்பேசியோடு நிற்பவர்க்கு ஸ்னாப்சீட். ஜேபெக் எடுத்துப் பழைய படங்களைப் புதுப்பிப்பவர்க்குக் கிம்ப். ரா எடுப்பவர்க்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபீ. இதையே தொழிலாகக் கொள்ள எண்ணுபவர்க்கு, அத்தொழிலில் பரவலாக வழங்கும் லைட்ரூமும் ஃபோட்டோஷாப்பும். இதுவே நம் ஆய்வின் சுருக்கம்.

அன்பு மாணவியரே! கருவி எதுவாயினும் கண் உங்களுடையது. மூலத்தைக் காத்து, விலையை எண்ணி, உண்மையை விடாமல் திருத்தும் எவளுக்கும் நல்ல படம் கைகூடும். இன்று நீங்கள் எடுக்கும் படத்தைப் பேத்தி ஒருத்தி பார்க்கும் நாளில், நம் பள்ளியும் நம் முகங்களும் இருந்தவாறே அவளுக்குத் தெரியட்டும்!

சிந்திக்க:
1. இருட்டறையின் எந்த இரு வேலைகள் இன்றைய மென்பொருளில் கருவிகளாக உள்ளன?
2. 14 பிட் ரா கோப்பின் ஒளிப்படிகள் ஜேபெக்கின் படிகளைவிட எத்தனை மடங்கு?
3. எட்டுக்குப் பத்து அங்குல அச்சுக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்?
4. உங்கள் கைப்பேசிக் காமிராவில் அழகுபடுத்தும் வசதி உள்ளதா? அதை அணைத்து ஒரு படமும் அணைக்காமல் ஒரு படமும் எடுத்து ஒப்பிடுக.